எரிந்த பதாகையும் நிறுத்தப்பட்ட அணியும்

2022 பிப்ரவரி 19 அன்று கோவாவின் வாஸ்கோ நகரில், பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் பார்வையாளர் எவருமற்ற திலக் மைதானத்தில், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரின் ஓர் ஆட்டம் நடைபெற்றது. கேரள பிளாஸ்டர்ஸ் அணியும் கொல்கத்தாவின் ஏடிகே மோகன் பகான் அணியும் மோதின. அட்ரியன் லூனா அடித்த இரண்டு கோல்களால் வெற்றியின் விளிம்பில் நின்றது கேரள அணி. முழுநேரம் முடிந்தபின் நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஜோனி காவ்கோ அடித்த கோலால் ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. ஆடுகளத்தைவிட்டு வெளியேறும்போது மோகன் பகானின் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் இந்தியில் உதிர்த்த ஒரு வாக்கியம் காணொளியில் பதிவாகிப் பரவியது. பெண்களோடு ஆடிவிட்டு வந்திருக்கிறேன் என்பதே அதன் பொருள்.

ஜிங்கன் யாரோ ஒருவரல்லர். 2014 முதல் 2020 வரை கேரள அணியின் மஞ்சள் உடையில் ஆடியவர். அதன் தலைவராக இருந்தவர். அர்ஜுனா விருது பெற்றவர். அவர் விடைபெற்றபோது, அவர் அணிந்த 21ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என அறிவித்து கிளப் நிர்வாகம் அவரைச் சிறப்பித்திருந்தது. அத்தகைய ஒருவர் தம் பழைய அணியை இழித்துரைக்க எடுத்துக்கொண்ட சொல் 'பெண்கள்' என்பதாக இருந்தது. ரசிகர் அமைப்பான 'மஞ்ஞப்பட' (மஞ்சள் படை என்று பொருள்) உட்படக் கேரள ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். ஒருகாலத்தில் அவரது உருவத்தைத் தாங்கி கேலரியில் விரிந்த பேருருவப் பதாகை எரிக்கப்பட்டது. 21ஆம் எண்ணுக்கு அளித்த சிறப்பைத் திரும்பப் பெறவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. தம் சக வீரரோடு நடந்த வாக்குவாதத்தில் சொன்னது அது, சாக்குப்போக்குச் சொல்லாதே என்பதே தம் நோக்கம் என ஜிங்கன் முதலில் விளக்கினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு எச்சரிக்கையோடு அவரை விடுவித்தது.

ரசிகர்களின் சினம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த விளக்கம் குற்றத்தைக் குறைக்கவில்லை. எதிரணியை இகழ்ந்தாலும் சக வீரரை இடித்துரைத்தாலும் இழிவின் அளவுகோலாகப் பயன்பட்டது பெண்தான். வாய்தவறிய சொல் என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போக நம்மால் இயலாது. வாய்தவறும்போது வெளிப்படுவதுதான் மனத்தின் அடியில் படிந்த ஆணாதிக்கம். அதே வேளையில், அந்த வீரரின் குடும்பத்தார்மீதும் வசைகள் பாய்ந்தன. பெண்ணை இழிவுபடுத்தியதற்குத் தண்டனை என்ற பெயரில் ஒருவரது வீட்டாரை ஏசுவது எந்த நீதி என்று, எரிந்த பதாகையைச் சுற்றி நின்றவர்களில் சிலராவது கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியன்று. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு நடந்ததையும், அதற்கு 16 மாதங்களுக்குப் பின் நடந்ததையும் அதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

2022 சனவரியில் பெண்களுக்கான ஆசியக் கோப்பை நம் நாட்டில் நடைபெற்றது. போட்டியை நடத்தும் நாடாக இந்தியப் பெண்கள் அணி களமிறங்கியது. கடலூரிலிருந்து வந்து தமிழகக் காவல்துறையில் பணிபுரியும் இந்துமதி கதிரேசன் போன்றோர் இடம்பெற்றிருந்த அணி அது. ஈரானுக்கு எதிரான முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டாம் ஆட்டத்துக்குள் அணியின் பலருக்குத் தொற்று உறுதியானது, ஆட்டம் கைவிடப்பட்டது, இந்தியா போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பாதுகாப்பு வளையம் என்று சொல்லப்பட்ட ஓர் ஏற்பாட்டுக்குள் ஓர் அணி முழுவதையும் தொற்று எப்படி எட்டியது, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் சில நாள் எழுந்து அடங்கின. பெண்கள் கால்பந்தின் பெயரால் பிப்ரவரியில் பொங்கிய சினத்தோடு ஒப்பிட்டால், பெண்கள் கால்பந்துக்கே நேர்ந்த அந்தச் சனவரி இழப்பு எழுப்பிய ஓசை மிகச் சிறிது.

அடுத்தது 2023. மார்ச் 3 அன்று பெங்களூருவின் ஸ்ரீ கண்டீரவா அரங்கில் பெங்களூரு அணிக்கும் கேரள பிளாஸ்டர்சுக்கும் இடையே, தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, எதிரணி தடுப்புச் சுவர் அமைத்துக்கொள்வதற்கு முன்பே ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். நடுவர் அதை ஏற்றார். கேரள அணியின் செர்பியப் பயிற்சியாளர் இவான் வுகொமானோவிச் தம் வீரர்களை ஆடுகளத்திலிருந்து வெளியே அழைத்துக்கொண்டு போனார். ஆட்டம் பெங்களூருவுக்கு வழங்கப்பட்டது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் எனக் கூட்டமைப்பு தண்டனை விதித்தது.

அந்தக் கோல் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு கேரளத் தேநீர்க் கடைகளில் இன்றும் முடிந்தபாடில்லை. நான் அதற்குள் புகப் போவதில்லை. ரசிகர்கள் பயிற்சியாளரைக் கொண்டாடினர். நடுவரின் அநீதிக்கு எதிராக எழுந்து நின்றவராக அவர் பார்க்கப்பட்டார். கிளப்பும் அவர் பக்கம் நிற்பதாகவே வெளியில் தோன்றியது. வழக்கு சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம்வரை சென்று தோற்றபின்தான், அம்மன்றத்தின் ஆவணங்கள் வழியே, கிளப் நிர்வாகமே அவருக்கு 1 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்த செய்தி வெளியே தெரிந்தது. வெளியே தோளில் கை. உள்ளே சம்பளத்தில் கை.

எனினும் அந்த அபராதத்தின் முழுச்சுமை அவர் தலையில் மட்டும் விழவில்லை. 2023 சூனில் கேரள பிளாஸ்டர்ஸ் நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கூட்டமைப்பு விதித்த நிதித் தண்டனையின் காரணமாகத் தன் பெண்கள் அணியைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக அது கூறியது. 2022 சூலையில், அதாவது ஜிங்கன் விவகாரம் வெடித்த ஐந்தாம் மாதத்தில், பெருமையோடு தொடங்கப்பட்ட அணி அது. ஓராண்டுகூட நிறைவடையவில்லை.

ஆண்கள் அணி களத்தைவிட்டு வெளியேறியது. தண்டனை ஆண்கள் அணிக்கு. அணியை இழந்தவர்கள் பெண்கள். இதை விளக்க நமக்கு நூல்கள் தேவையில்லை. ஆலையில் நட்டம் என்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களிலும் முதலில் பெண்கள் என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள். ஒரு சிறு கணக்கு மட்டும் போடலாம். பெண்கள் லீக்கில் ஆடும் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயேனும் ஊதியம் தரவேண்டும் என அதே 2023இல் கூட்டமைப்பு நிர்ணயித்தது. 4 கோடியை 3.2 லட்சத்தால் வகுத்தால் 125 வரும். ஒரு மாலையில் ஆண்கள் வெளிநடப்புச் செய்ததன் விலை, 125 வீராங்கனைகளின் ஓராண்டுக் குறைந்தபட்ச ஊதியம்.

இந்த அறிவிப்புக்கும் கண்டனங்கள் எழாமலில்லை. வீராங்கனைகள் பேசினர், ரசிகர்களிலும் பலர் கசந்தனர். ஆனால் அது 2022 பிப்ரவரியின் கொந்தளிப்பை எட்டவில்லை என்பது என் கணிப்பு. பெண்களை இழித்து ஒரு வீரர் சொன்ன சொல்லுக்குப் பதாகை எரிந்தது. பெண்களின் அணியையே ஒரு நிர்வாகம் நிறுத்தியதற்கு அறிக்கைகளோடு போயிற்று. ஏன் இந்த வேறுபாடு?

ரசிகர்களுக்கு மனச்சான்று இல்லை என்று சொல்வது எளிது, அது பொய்யும்கூட. வீரர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். அவருக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, முதுகில் எண் உண்டு. எரிக்க அவரது படம் நம்மிடமே இருக்கிறது. நிர்வாகத்துக்கு எதை எரிப்பது? பங்குகளைக் கையில் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு முகம் கிடையாது. அதன் முகம்போல் நமக்குக் காட்டப்படுவதும் வீரர்கள்தாம். கேரள பிளாஸ்டர்ஸ் தொடங்கப்பட்ட 2014இல் அந்த முகம் சச்சின் டெண்டுல்கர். பிறகு தெலுங்குத் திரையுலகின் சிரஞ்சீவியும் நாகார்ஜுனாவும் உரிமையாளர் வரிசையில் வந்து நின்றார்கள். சச்சின் 2018இல் விலகினார். நட்சத்திரங்கள் வந்தும் போயும் இருந்தார்கள். கணக்குப் புத்தகம் எந்த ரசிகர் கண்ணிலும் பட்டதில்லை.

ஆராதகர், சமர்த்தக், ரசிகர்

மொழிபெயர்ப்பே என் தொழில் என்பதால் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கேட்கிறேன். மலையாளத்தில் ரசிகரை 'ஆராதகர்' என்கிறார்கள். வழிபடுபவர் என்று பொருள். வங்கமொழியில் 'சமர்த்தக்' என்கிறார்கள். ஆதரவாளர் என்று பொருள். நாம் 'ரசிகர்' என்கிறோம், சுவைப்பவர். கட்சிப் பத்திரிகைகளில் வரும் வங்கத் தோழர்களின் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது 'சமர்த்தக்' என்ற இடத்தில் 'ரசிகர்' என்று எழுத என் கை எப்போதும் தயங்கும். திரைப்பட நாயகருக்கும் இசைக் கச்சேரிக்கும் பொருந்தும் அச்சொல், கொல்கத்தாவின் கேலரியில் நிற்பவரைக் குறைத்துவிடுகிறது. வழிபடுபவர் தம் தெய்வம் பொய்த்தால் சிலையை உடைப்பார். சுவைப்பவர் சுவை குன்றினால் எழுந்துபோவார். ஆதரவாளருக்கு மட்டுமே, ஆதரவைக் கேள்வியாக மாற்றும் உரிமை சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் நான்காவது ஒரு சொல்லும் உண்டு. எந்த மொழியிலும் எவரும் ரசிகரை அப்படி அழைப்பதில்லை, ஒவ்வொரு கிளப் நிர்வாகமும் அப்படித்தான் நடத்துகிறது: வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கு ஒரே ஓர் உரிமைதான். வாங்கலாம், வாங்காமல் இருக்கலாம்.

2024 டிசம்பரில் மஞ்ஞப்பட அந்த ஒரே உரிமையைத்தான் கையிலெடுத்தது. தொடர் தோல்விகள், பத்தாண்டுகளில் ஒரு கோப்பைகூட இல்லாத வெறுமை, நல்ல வீரர்களை விற்றுவிடும் போக்கு ஆகியவற்றால் சலித்து, டிக்கெட் விற்பனையில் இனிப் பங்கேற்பதில்லை, நிர்வாகத்துக்கு எதிராக அரங்கின் உள்ளும் புறமும் போராடுவோம் என அறிவித்தது. பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாக நிர்வாகம் அறிவித்தது. ஆலோசனைக் குழு என்ற பெயர் நமக்குப் பழக்கமானது. ஆலைகளில் நிர்வாகம் தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்துவிட்டு அமைக்கும் 'நலக் குழு'வின் உடன்பிறப்பு அது. பேசலாம்; முடிவெடுக்க இயலாது. ஆயினும் இங்கே ஒரு வளர்ச்சி இருக்கிறது. பதாகையை எரித்த கூட்டம் மூன்றாண்டுக்குள் நிர்வாகத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. இதைக் கால்பந்துப் பித்து என்று சொல்லி நகைத்துவிட்டுப் போகும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கொல்கத்தாவின் பாடம்

உறுப்பினர் கிளப் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் கொல்கத்தாவைப் பார்க்க வேண்டும். மோகன் பகான் 1889இல் தோன்றியது. 1911இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படைப்பிரிவை வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைக் கைப்பற்றிய அணி அது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்தது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த இலட்சக்கணக்கான மக்கள் தம் இழந்த மண்ணை அதன் பெயரில் கண்டார்கள். அந்த அகதிக் குடியிருப்புகளில்தான் இடதுசாரி இயக்கமும் வேர்விட்டது. இவை கம்பெனிகள் அல்ல; சந்தா செலுத்தும் உறுப்பினர்களும் தேர்தலும் உடைய சங்கங்கள். ஆனால் அந்தத் தேர்தல்களில் வென்று வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சிறு வட்டத்தினர், நிர்வாகிகள் பதவியில் மூப்படைந்தனர், கடன் பெருகியது. முதலீட்டாளர் வாசலில் வந்து நின்றபோது, எதிர்க்க வலிமையோ ஏற்கத் தெளிவோ உறுப்பினர்களிடம் இல்லை.

2020இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டுப் பங்கு சஞ்சீவ் கோயங்காவின் குழுமத்துக்குப் போனது. அக்குழுமத்தின் ஏடிகே என்ற பெயர், நூறாண்டு கடந்த கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டில் ஈஸ்ட் பெங்காலின் 76 விழுக்காட்டுப் பங்கை ஸ்ரீ சிமெண்ட் எடுத்தது. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் உறுப்பினர்களின் உரிமை பறிபோகும் என்று நிர்வாகிகள் மறுத்தனர். கையெழுத்திடாவிட்டால் அணியே இருக்காது என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தனர். 2021 சூலை 21 அன்று கிளப் கூடாரத்தின் முன்னே இரு தரப்பு ரசிகர்களும் திரண்டனர், மோதினர், காவல்துறை தடியடி நடத்தியது. அடிபட்டவர்கள் இரண்டு பக்கமும் ரசிகர்களே. சிமெண்ட் நிறுவனத்தின் பிரதிநிதியோ கிளப் செயற்குழுவோ அந்தத் தெருவில் அடிவாங்கவில்லை. பிறகு மம்தா பானர்ஜி நடுவராகி ஒரு பருவத்துக்கு வழிசெய்தார். அடுத்த ஆண்டு சிமெண்ட் போய் இமாமி வந்தது.

மோகன் பகான் ரசிகர்கள் வேறு வழியில் சென்றனர். ஏடிகே என்ற முன்னொட்டை நீக்கக் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் இயக்கம் நடத்தினர். 2023 மார்ச் 18 அன்று கோப்பையை வென்ற இரவில் கோயங்கா அந்தப் பெயரை நீக்குவதாக அறிவித்தார். ஆனால் அவரது குழுமத்தின் வணிக அடையாளமான 'சூப்பர் ஜயண்ட்' பின்னொட்டாக வந்து அமர்ந்துகொண்டது. முன்வாசலில் துரத்தப்பட்டவர் கொல்லைப்புறமாக வந்தார் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்; பெருமுதலாளி ஒருவரைத் தம் கிளப்பின் பெயரை மாற்ற வைத்தது ரசிகர் இயக்கமே. பங்கு மட்டும் 80 விழுக்காடாகவே இருந்தது.

வீரர்களின் நடத்தை மீதான ரசிகரின் சினம் எங்கே போய் முடியும் என்பதற்கும் கொல்கத்தாவிடம் ஒரு கொடிய நினைவு உண்டு. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இவ்விரு அணிகளின் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் விதேஷ் போஸ்மீது முரட்டுத்தனமாக மோத, போஸ் திருப்பித் தாக்க, இருவரும் வெளியேற்றப்பட்டனர். இரு தரப்பினரும் கலந்து அமர்ந்திருந்த கேலரியில் கலவரம் மூண்டது. நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். இரண்டு வீரர்களின் தவறுக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டவர்கள், தங்களை அப்படி நெருக்கி அடைத்துவைத்த ஏற்பாட்டைப் பற்றிக் கேட்க உயிரோடு இல்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் இரத்ததான முகாம்கள் நடக்கின்றன.

அதே ஆகஸ்டில், 44 ஆண்டுகளும் இரண்டு நாள்களும் கழித்து, அதே நகரில், அதே இரு தரப்பினர். 2024 ஆகஸ்டு 9 அன்று ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். 18ஆம் தேதி டூராண்ட் கோப்பையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடவேண்டியிருந்தது. கேலரியில் நீதி கேட்டுக் குரல் எழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதுகாப்பைக் காரணங்காட்டி ஆட்டம் கைவிடப்பட்டது. ஆட்டமில்லாத அரங்கின் வெளியே, சால்ட் லேக்கில், மஞ்சள்-சிவப்புக் கொடியும் பச்சை-மெரூன் கொடியும் சேர்ந்து வந்தன. முகமதன் ஸ்போர்ட்டிங் ஆதரவாளர்களும் வந்தனர். மோகன் பகான் அணியின் தலைவர் சுபாசிஷ் போஸ் தம் துணைவியாரோடு வந்து நின்றார். ஆட்டத்துக்குப் போதவில்லை என்று சொல்லப்பட்ட காவலர்கள், கூட்டத்தைத் தடியால் அடிக்கப் போதிய அளவில் இருந்தனர். கூட்டமைப்பின் தலைவரும் பாஜககாரருமான கல்யாண் சௌபே அங்கே தலைகாட்டியதையும் குறிப்பிட வேண்டும். தில்லி சந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள், தம் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பாஜக நாடாளுமன்ற உறுப்பினருக்கு எதிராக அமர்ந்திருந்த 2023இன் கோடையில், அவரது கட்சியினரின் நீதியுணர்ச்சி விடுமுறையில் இருந்தது.

ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக, பரம எதிரிகளான கேலரிகள் ஒருவரையொருவர் தோளில் தூக்கிக்கொண்ட அந்த மாலையை, 2022இன் எரிந்த பதாகையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் பெண்ணின் கண்ணியமே பொருள். முன்னதில் சினம் ஒரு தனிமனிதரைத் தேடியது. பின்னதில் மருத்துவமனை நிர்வாகத்தையும் காவல்துறையையும் அரசையும் நோக்கிக் கேள்வி போனது.

வீரரும் உழைப்பாளியே, ஆனால்

வீரர் கூலி உழைப்பாளி, ஆகவே அவரது தவறைப் பெரிதுபடுத்தாமல் முதலாளியைப் பிடியுங்கள் என்று வாதிடுவோர் நம்மிடையே உண்டு. இது பாதி உண்மை. மறுபாதி, பெண்களைப் பற்றி நம் இயக்கம் கற்றுக்கொண்டதையெல்லாம் கைவிடச் சொல்கிறது. ஆலையில் சக தொழிலாளியான பெண்ணை ஒருவர் இழித்துப் பேசினால் வர்க்க ஒற்றுமை என்று சொல்லி மூடிவிடுகிறோமா? உள்விசாரணை கேட்கிறோம்; முறையான விசாரணையும், குற்றத்துக்கு ஏற்ற தண்டனையும், தற்காப்புக்கு வாய்ப்பும் கேட்கிறோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதன் வரையறையில் விளையாட்டு நிறுவனங்களையும் அரங்குகளையும் போட்டி நடக்கும் இடங்களையும் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டப்படியான உள்புகார்க் குழு தம் கிளப்பில் இருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ரசிகர் அமைப்புகள் கேட்கலாம். 2022இல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் பாலியல் முறைகேட்டுக்காக நீக்கப்பட்டார். 2024 மார்ச்சில் கோவாவில், வீராங்கனைகள் இருவர் அளித்த தாக்குதல் புகாரின்பேரில் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர் ஒருவரே கைதானார். களத்தில் வியர்வையோடு வெளிப்பட்ட ஒரு சொல்லைவிட, இவை எவ்வளவு பெரியவை!

கடந்த ஆண்டு நிகழ்ந்தது இன்னொரு உண்மையைத் துலக்கியது. 2010இல் ரிலையன்ஸ் தரப்போடு கூட்டமைப்பு செய்துகொண்ட, 15 ஆண்டுக்கான 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுக்கு வரவிருந்தது. புதுப்பிப்பு இழுபறியான நிலையில் சூலையிலேயே லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூரு அணி தன் வீரர்களின் ஊதியத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. புதிய உரிமத்துக்கு ஏலம் கூவியபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. 15 ஆண்டுகள் நாட்டின் கால்பந்தை ஒற்றைக் குழுமத்தின் பையில் போட்டு வைத்ததன் விளைவு இது. 2026இன் தொடக்கத்தில் முன்னணி வீரர்கள் காணொளி வழியே ஃபிஃபாவிடம் முறையிட்டனர்: எங்களை ஆடவிடுங்கள் என்று. அதில் பேசியவர்களில் சேத்ரி இருந்தார். சந்தேஷ் ஜிங்கனும் இருந்தார். வீரர்கள் அளவுக்கு மீறிச் சம்பாதிக்கிறார்கள், படட்டும் என்று அப்போது ஏளனம் செய்த ரசிகர்களும் உண்டு. அவர்கள் தம் சினத்தை முதலாளிக்கு இலவசமாக வாடகைக்கு விட்டவர்கள். நட்சத்திரங்களின் பின்னால், புல்வெளி பராமரிப்பவரும் உடை துவைப்பவரும் இளையோர் பயிற்சியாளரும் அதே பருவத்தை நம்பி நின்றார்கள்.

ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்கவேண்டும் என்ற விதி நிலவுகிறது. லெவர்குசென், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற விலக்குகளும், விதியை வளைத்தவர்களும் உண்டு. ஆனாலும் 2024 பிப்ரவரியில் லீக்கின் ஊடக வருவாயில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் திட்டத்தை, வாரக்கணக்கில் ஆடுகளத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்திய ரசிகர்கள் கைவிட வைத்தனர். பந்து வீச்சு மட்டும் அதைச் சாதிக்கவில்லை. அவர்களுக்குக் கிளப் பொதுக்குழுவில் வாக்கு இருந்தது.

இங்கே 2025இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் கூட்டமைப்புகளின் செயற்குழுவில் பெண்களுக்கும் வீரர்களுக்கும் இடம் தருகிறது. அந்த அளவுக்கு நல்லது. ரசிகர்களின் பிரதிநிதித்துவம் அதன் கணக்கில் இல்லை. கம்பெனியாகிவிட்ட கிளப்புகளை அது தொடவும் இல்லை. கேரளத்திலும் வங்கத்திலும் ரசிகர் அமைப்புகளுக்குள் இருக்கும் நம் இளந்தோழர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அங்கே கொடிபிடிக்க வேண்டாம், கேள்வி பிடிக்கலாம். கிளப்பின் ஆண்டுக் கணக்கு எங்கே? ஆலோசனைக் குழுவுக்குப் பதில் இயக்குநர் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு இடங்கள் ஏன் கூடாது? ஆண்கள் அணியின் அபராதத்தைப் பெண்கள் அணியின் நிதியிலிருந்து கழிக்கக்கூடாது என்ற ஒற்றை விதியைக் கூட்டமைப்பின் கிளப் உரிம நிபந்தனைகளில் சேர்க்க என்ன தடை?

இந்தக் கடைசிக் கேள்விக்கு அவசரம் உண்டு. 2025 சூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாயில், சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோல்களால் தாய்லாந்தை 2-1 என வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். தகுதிச் சுற்றில் வென்று அங்கே போவது அவர்களுக்கு இதுவே முதல் முறை. மூன்று மாதம் கழித்து, கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்ற ஆண்கள் அணி தன் ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அந்த ஆண்டின் பெண்கள் லீக்கை வென்றது ஈஸ்ட் பெங்கால். இத்தகைய ஓர் ஆண்டில் கேரளத்தின் மஞ்சள் உடையில் ஆடியிருக்க வேண்டிய பெண்கள் எங்கெங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள், யார் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள் என்ற பட்டியலை மஞ்ஞப்பட நண்பர்கள் முதலில் திரட்டட்டும். 2023 சூன் அறிவிப்பின் 'தற்காலிகம்' எத்தனை நாள் என்று நிர்வாகத்திடம் கேட்கும்போது அது கையில் இருக்க வேண்டும்.